வயலை வடிய விடும் நாட்கள்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 39. வரும் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் என் முதல் முழு மாரத்தானை, 42 கிலோமீட்டர், ஓடப் பதிவு செய்திருக்கிறேன். ஏழு மாதங்களாகக் குடமுருட்டிக் கரையில் விடியுமுன் ஓடிப் பழகுகிறேன். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. நவம்பரில் ஒருமுறை 28 கிலோமீட்டரும், டிசம்பர் 7 ஆம் தேதி 32 கிலோமீட்டரும் ஓடினேன். ஆனால் நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விட்டது. இதுவரை வலிக்காத இடது முழங்கால் வலிக்கிறது. அரையாண்டு விடுமுறை கிடைத்திருப்பதால் 28 ஆம் தேதி இன்னொரு முறை 32 கிலோமீட்டர் ஓடிவிட்டால் நம்பிக்கை வந்துவிடும் என்று நினைக்கிறேன். பந்தயத்துக்கென்று புதிய காலணி வாங்கியிருக்கிறேன். நடுவில் வைகுண்ட ஏகாதசி விரதம் வருகிறது. பந்தயத்தன்று தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வயதில் இது எதற்கு என்று ஊரில் பேசுகிறார்கள். பதற்றம் தணிய மூச்சுப் பயிற்சியோ மந்திரமோ ஏதேனும் ஒன்றைத் தாங்கள் சொல்ல வேண்டும்.

தங்கள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் சம்பா வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்மடையை அடைத்து, கீழ்மூலையில் வடிகாலை வெட்டிவிட்டு வந்தேன். இந்த ஆண்டு முன்னதாகவே நட்டது; கதிர் தலை சாய்ந்து செங்காயாக நிற்கிறது; ஜனவரி முதல் வாரத்தில் அறுப்பு. வரப்பில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் தகப்பனாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைப் படித்தால், நான் நினைத்துக்கொண்டிருந்த அதே விஷயத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் பிற கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு உடனே எழுதுகிறேன்.

ஊர்ப் பேச்சைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஏழு மாதம் இருட்டில் எழுந்து ஓடியவருக்கு அதற்கு என்னிடமிருந்து பதில் வேண்டியதில்லை.

ஏகாதசி பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னதாக வருகிறது. பாலும் பழமும் சர்க்கரைவள்ளியுமாக இருந்துகொள்ளுங்கள். முழுப் பட்டினி வேண்டாம். வெள்ளியும் சனியும் ஒரு வேளையும் தவறாமல் சோறு உண்ணுங்கள். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்து வைக்கக்கூடிய மாவுச்சத்து ஏறத்தாழ 500 கிராம்தான். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் கல்லாகிப் போவதற்கு அது தீர்ந்துபோவதே பெரும்பாலும் காரணம். சேர்கிற ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடினால் திகைக்காதீர்கள். பந்தயத்துக்கு முதல் நாள் திருவாதிரை. அரிசியும் வெல்லமுமான களி அந்த நாளுக்கு மிகப் பொருத்தமான உணவு. நெய்யை மட்டும் அளவாக விட்டுக்கொண்டு ஒரு கரண்டி கூடுதலாகவே உண்ணுங்கள். மொச்சையும் கிழங்கும் நிறைந்த கூட்டை அன்று தொடாதீர்கள், மறுநாள் விடியற்காலையில் வயிறு உங்களைப் படுத்திவிடும்.

புதிய காலணி பெட்டியிலேயே இருக்கட்டும். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றதைப் பலரும் வீரமாகச் சொல்வார்கள். அங்கே கிடைத்த காலணி அவருடைய காலுக்கு இதமாக இல்லை. வெறுங்காலில் ஓடுவதோ அவருக்குப் பழக்கமானது. பழகியதைக் கொண்டு ஓடினார், வேறொன்றுமில்லை. 1964 இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மறுபடியும் வென்றார்.

தண்ணீர் விஷயத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. வியர்வையில் இழந்ததைவிட மிகுதியாகக் குடித்து, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களே அதற்கு அதிகம் ஆளானார்கள். அது முற்றினால் மூளை வீங்கி உயிரே போகும். தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் இல்லாதபோது வழியில் தண்ணீர் வைத்திருக்கும் மேசையைக் கடந்து போய்விடுங்கள்.

முழங்கால் வீங்கியிருக்கிறதா, படி இறங்கும்போது குத்துகிறதா, வலியால் ஓட்டத்தில் கால் கோணுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். எதுவும் இல்லையென்றால், ஓட்டம் குறைகிற நாட்களில் பலருக்கும் வருகிற வலி அது. நான் இதுவரை பதினொரு மாரத்தான் ஓடியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முந்திய வாரத்தில் எனக்கு எங்காவது ஓரிடம் வலித்தது. பத்து முறை அது பந்தயத் திடலுக்குப் போகுமுன்னே காணாமல் போயிற்று.

இப்போது அந்த 28 ஆம் தேதிக்கு வருகிறேன். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு விருப்பமில்லை. டிசம்பர் 7 ஆம் தேதி ஓடிய 32 கிலோமீட்டர் தராத நம்பிக்கையை 28 ஆம் தேதி ஓடும் 32 கிலோமீட்டர் எப்படித் தரும்? அதை முடித்துவிட்டு வந்து, மீதி பத்து கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்று புதன்கிழமை இரவு விழித்துக்கொண்டிருப்பீர்கள். நீண்ட ஓட்டம் ஒன்றின் பலன் உடலில் சேர்வதற்குப் பத்து நாளுக்குக் குறையாமல் ஆகும். பந்தயமோ ஏழாம் நாள். பலன் வருமுன் பந்தயம் முடிந்துவிடும். களைப்பும் கிழிந்த தசையும் மட்டும் உங்களோடு சென்னைக்கு வந்து சேரும். இதை நீங்கள் உழைப்பு என்று நினைக்கிறீர்கள். அம்மா, இது உழைப்பு அல்ல, பயம். சும்மா இருக்க முடியாத பயம், உழைப்பைப் போல வேடம் கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்கிறது. ஆசிரியையான நீங்களும் அதைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது குறைப்பது. ஓடும் தூரத்தை ஏறத்தாழப் பாதியாக்க வேண்டும், வேகத்தை மட்டும் குறைக்கக் கூடாது. 50 கிலோமீட்டர் ஓடிய நீங்கள் இந்த வாரம் 25 ஓடினால் போதும். அடுத்த வாரம் பந்தயத்துக்கு முன் 12, 15 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அதிலும் இரண்டு நாளாவது ஐந்தாறு நிமிடம் பந்தய வேகத்தில் ஓடுங்கள், கால் அதை மறக்காமல் இருக்கும். இப்படிக் குறைத்தவர்களின் ஓட்டம் இரண்டு மூன்று விழுக்காடு மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் உங்களைப் போன்றவருக்கு அது ஆறிலிருந்து ஒன்பது நிமிடம். மாதக்கணக்கில் ஓடிப் பெறுகிற நிமிடங்கள் அவை. ஓடாமல் இருப்பதால் அவை கிடைக்கும் என்றால் உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஓடிக் கெடுத்துக்கொள்வதில் நம்பிக்கை இருக்கிறது. சற்று முன் சொன்ன பிகிலாவுக்கு டோக்கியோ பந்தயத்துக்கு முந்திய ஆறு வாரங்களுக்குள்தான் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் அன்று ஓடிய 2 மணி 12 நிமிடம் 11 நொடி அதுவரை உலகில் எவரும் ஓடாத நேரம். அறுவைச் சிகிச்சை அவரை வெல்ல வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டு ஓடிச் சேர்த்தது, சில நாள் படுத்திருந்ததனால் அவரை விட்டுப் போய்விடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

இதை நம் பக்கத்து மனிதர்களுக்கு நான் விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வயலை வைத்திருக்க வேண்டும் என்ற சொல் நம் எல்லோர் வீட்டிலும் புழங்கிய சொல். ஜூன் 12 இல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம் என்பது நம்மில் குழந்தைக்கும் தெரியும். கல்லணையில் தண்ணீர் வரும்போது மலர் தூவுகிறோம். ஜனவரி 28 இல் அந்த அணையை மூடுவதும் அதே வழக்கத்தைச் சேர்ந்ததுதான். அந்த நாளுக்கு மலர் தூவ யாரும் போவதில்லை. விட்ட தண்ணீரால் மட்டும் நெல் விளைகிறது என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். நிறுத்திய தண்ணீராலும்தான் விளைகிறது. அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன் வயலை வடிய விடாதவன் வீட்டுக்கு நெல் முழுதாக வந்து சேராது.

எனக்கு 23 வயது நடந்தபோது, மார்கழி நடுவில், அப்பா தஞ்சாவூரில் மருத்துவமனையில் படுத்துவிட்டார். வெட்டாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். வாய்மடையைத் தன் கையால் அடைத்துவிட்டு, "அறுப்பு வரைக்கும் இதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினார். நான் தினமும் விடிந்ததும் வயலுக்குப் போனேன். நான்காம் நாள் மண்ணில் முடியிழை போல வெடிப்புத் தெரிந்தது. தோகை மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அது முற்றுகிற நிறம் என்று தெரியாதவனல்ல நான், ஆனாலும் ஒவ்வொரு நாளும் அது வாடுகிற நிறமாகவே என் கண்ணுக்குப் பட்டது. எட்டாம் நாள் இரவு தூக்கம் வராமல் எழுந்து, அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகப் போய் மடையை வெட்டிவிட்டேன். வாய்க்கால் தண்ணீர் சலசலவென்று வயலுக்குள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வரப்பில் வெகுநேரம் நின்றேன். மனம் குளிர்ந்துவிட்டது. அன்றிரவு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். 28 ஆம் தேதி ஓடிவிட்டு வந்தால் நீங்களும் அன்றிரவு நன்றாகத் தூங்குவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் நாள் காற்றோடு மழை வந்தது. காய்ந்து இறுகியிருந்தால் வேரைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடிய மண் நான் பாய்ச்சிய ஈரத்தில் குழைந்து கிடந்தது, கதிரோ கனத்து நின்றது. ஒன்றேகால் ஏக்கர் பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது. சேற்றில் கிடந்த கதிரில் நெல் வெள்ளையாக முளை விட்டிருந்ததை நான் விரலால் தொட்டுப் பார்த்தது இன்றைக்கும் விரலில் இருக்கிறது.

அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடம்பு தேறாத அந்த நிலையிலும் வயலில் இறங்கி, சாய்ந்த தூர்களில் நாலைந்தைச் சேர்த்துத் தூக்கித் தோகையாலேயே கட்டி நிறுத்தத் தொடங்கினார். நானும் இறங்கினேன். வெகுநேரம் கழித்து, "பயந்துட்டியா?" என்று கேட்டார். பிறகு, வடிய விட்ட அந்தப் பதினைந்து நாளில் எந்த ஆண்டும் தனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்ததில்லை என்று சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது. அந்த நாட்களில் அவர் திண்ணையில் உட்கார்ந்து, கட்டுக் கட்டுவதற்கு வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருப்பதைத்தான் நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். களத்தைச் செதுக்கிச் சாணம் மெழுகுவார். அரிவாள்களைக் கொல்லரிடம் கொடுத்துக் கருக்கு வைத்து வாங்கி வருவார். வயலுக்குப் போவார், பார்ப்பார், மடையைத் தொடாமல் திரும்பி வந்து மறுபடியும் பிரி திரிப்பார். அமைதியான மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பதற்றத்தோடுதான் அத்தனை ஆண்டும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மந்திரம் கேட்டீர்கள். என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். நெஞ்சு படபடப்பதும், வயிறு கலங்குவதும், திரும்பத் திரும்பச் சிறுநீர் வருவதும், உடல் ஒரு பெரிய வேலைக்குத் தன்னைக் கூட்டிச் சேர்த்துக்கொள்வதன் அறிகுறிகள். அந்தப் படபடப்பு இல்லாமல் தொடக்கக் கோட்டில் நின்ற ஒரே ஒருமுறை நான் ஓடிய ஓட்டம்தான் என் பதினொன்றில் மோசமானது. சனிக்கிழமை இரவு உங்களுக்குத் தூக்கம் வராது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடங்கள், ஒரு இரவு விழிப்பு ஏழு மாதக் கால்களை ஒன்றும் செய்யாது. வெள்ளிக்கிழமை இரவுத் தூக்கம்தான் முக்கியம். அதனால் வெள்ளி இரவு ரயிலில் கழியாதபடி, வியாழக்கிழமையே உழவன் விரைவு வண்டியில் கிளம்பிவிடுங்கள்.

உங்களுக்கும் திரிக்கப் பிரி இருக்கிறது. எண் அட்டையை ஊக்கால் சட்டையில் குத்தி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். உரசுகிற இடங்களில் தடவ வாஸ்லின் எடுத்து வையுங்கள். பழைய காலணியின் கயிற்றை மாற்றாதீர்கள், துவைத்துக் காய வையுங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் உங்களைத் தாண்டி ஓடப் போகிறவர்களை இப்போதே மனக்கண்ணில் பார்த்து, போகட்டும் என்று விட்டுப் பழகுங்கள்.

28 ஆம் தேதி வழக்கம்போல இருட்டில் எழுந்திருங்கள். குடமுருட்டிக் கரையில் எட்டு கிலோமீட்டர் மெதுவாக ஓடி நிறுத்திவிடுங்கள். இன்னும் ஓட வேண்டும் என்று கால் துடிக்கும், அந்தத் துடிப்போடு கரையிலேயே உட்கார்ந்து வயல்களைப் பாருங்கள். முன்னதாக நட்டவர்களின் மடைகள் அந்நேரம் அடைபட்டிருக்கும். வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு, ஓடவில்லை என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்று காலை உங்கள் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.