வாசகர் கேள்வி: போன் போனால் மானியக் கணக்கும் போய்விடுமா?

கேள்வி: அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தரும் மானியம் ஒன்றில் எங்கள் ஆய்வகமும் பங்கேற்கிறது. மானிய விண்ணப்பம், அறிக்கைகளுக்கான அதன் இணையதளமான ஈ.ஆர்.ஏ. காமன்ஸில் நுழைய லாகின் டாட் கவ் கணக்கு கேட்கிறது. ஏற்கெனவே கடவுச்சொல் இருக்கும்போது இது எதற்கு? எப்படி அமைப்பது?
– ஆய்வாளர், வேலூர்

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்குகள். காமன்ஸ் கணக்கை உங்கள் நிறுவனத்தின் கையொப்ப அதிகாரி, அதாவது நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர், உருவாக்கித் தருவார். லாகின் டாட் கவ் கணக்கை நீங்களே திறக்க வேண்டும். அமெரிக்க அரசின் பல தளங்களுக்கு அதுதான் பொது வாசல். 2021 செப்டம்பரிலிருந்து என்.ஐ.எச். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இந்த இரட்டைச் சரிபார்ப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது.

கணக்கைத் திறக்கச் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். வேலை மாறினால் அலுவலக முகவரி அன்றோடு முடிந்துவிடும். வேண்டுமானால் அதை இரண்டாவது முகவரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 12 எழுத்துகள் வேண்டும்.

அடுத்து, சரிபார்க்கும் வழியைக் கேட்கும். எஸ்எம்எஸ்ஸும் உண்டு, ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் ஓடிபியை நம்பிக் காத்திருப்பது வீண் பதற்றம். நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்கும் அத்தெண்டிகேட்டர் ஆப்பே மேல். திரையில் வரும் க்யூஆர் கோடை அந்த ஆப்புக்குள்ளிருந்து ஸ்கேன் செய்யுங்கள். பலர் போனின் கேமராவால் எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று விழிக்கிறார்கள். ஒரே போனில் தளத்தையும் ஆப்பையும் வைத்திருந்தால் ஸ்கேன் செய்ய வழியில்லை. கோடுடன் தரப்படும் எழுத்துச் சாவியை நகலெடுத்து ஆப்பில் ஒட்டுங்கள்.

அந்தக் கோடில் இருப்பது ஒரு ரகசியச் சாவி. ஆப் அதையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை புதிய 6 இலக்க எண்ணைக் காட்டும். இதற்கு சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் போன் கடிகாரம் சில நிமிடம் தள்ளிப்போயிருந்தால், எண்ணைச் சரியாகத் தட்டினாலும் தவறு என்றே வரும். செட்டிங்ஸில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்தால் சரியாகிவிடும்.

இத்தோடு நிறுத்தாமல் இரண்டாவது வழி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். கணினியில் செருகி அடையாளம் காட்டும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் 10 காப்புக் குறியீடுகளை வாங்கி, தாளில் அச்சிட்டுப் பூட்டும் இழுப்பறையில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அவற்றைப் படமெடுத்து அதே போனில் வைத்தால் போன் தொலையும்போது அவையும் தொலையும்.

கடைசியில் இணைப்பு. காமன்ஸ் நுழைவுப் பக்கத்தில் லாகின் டாட் கவ் பொத்தானை அழுத்தி உள்ளே போனால், முதல் முறை மட்டும் காமன்ஸ் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். எப்போதோ வைத்த அந்தப் பழைய கடவுச்சொல் நினைவில் இருக்காது. அதை முதலிலேயே மாற்றிவைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: போன் தொலைந்துவிட்டது. வேறு வழி எதுவும் சேர்த்துவைக்கவில்லை. உதவி மையம் திறந்துவிடுமா?

பதில்: திறக்காது. கணக்கையே நீக்கக் கோர வேண்டும். அதற்கு 24 மணி நேரக் காத்திருப்பு உண்டு. பிறகு புதிதாகத் திறந்து, காமன்ஸோடு மறுபடி இணைக்க வேண்டும். விண்ணப்பக் கெடுவோ விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் நேரப்படி மாலை 5 மணி. முந்தின நாள் இரவு போன் தொலைந்திருந்தால் கணக்குத் திரும்பக் கிடைக்குமுன் கெடு கடந்துவிடும். நிறுவனத்தின் கையொப்ப அதிகாரிக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

போனை நீங்களாக மாற்றுவதென்றால், பழையதை விற்பதற்கு முன் அதைக்கொண்டு நுழைந்து, புதிய போனின் ஆப்பைக் கூடுதல் வழியாகச் சேருங்கள். வெளியே வந்து புதியதில் ஒரு முறை நுழைந்து பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.

கேள்வி: எங்கள் பேராசிரியரின் ஆண்டறிக்கையை நான்தான் நிரப்புகிறேன். ஒவ்வொரு முறையும் அவரிடம் எண் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பதில்: அவர் கணக்கில் நீங்கள் நுழைவதே விதிமீறல். உங்கள் பெயரில் உதவியாளர் கணக்கு ஒன்றைக் கையொப்ப அதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு பேராசிரியர் தம் காமன்ஸ் கணக்கிலிருந்து முன்னேற்ற அறிக்கைக்கான அதிகாரத்தை உங்களுக்கு ஒப்படைக்கலாம்.