குழந்தைப் பருவ நெருக்கடியும் தலைக்காயமும்: தேறுவதற்கு ஏன் நாளாகிறது?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஒன்றேமுக்கால் வயது வரை குழந்தைகள் காப்பகத்தில் இருந்தவளைத் தத்தெடுத்து வளர்க்கிறோம். மூன்று வாரங்களுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை தொடர்கின்றன. அம்மா அருகில் இல்லாவிட்டால் அழுகிறாள். சிறுவயதில் பட்ட துன்பத்தால் அவள் மூளை பலவீனமாகி இருக்குமோ? இருட்டறையில் படுக்க வைத்து ஓய்வு கொடுக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மூன்று வாரங்கள் ஆகியும் தேறவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அது அபூர்வமானதன்று. கனடாவின் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலை அதிர்ச்சியுடன் (அடிபட்டதால் மூளை குலுங்கி ஏற்படும் பாதிப்புடன்) வந்த 3,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டு நடத்தப்பட்டு, 2016-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நான்கு வாரங்கள் கழிந்த பின்னும் தொல்லைகள் நீடித்தன. அவர்களில் பெரும்பாலோர் காப்பகத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பணுக்களுக்குள் நடக்கும் வேதியியல் குழப்பத்தைக் காட்டாது. ஆகவே ஸ்கேன் சரியாக இருப்பதும் பிள்ளைக்குத் தலை வலிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இனி உங்கள் முதன்மையான ஐயத்திற்கு வருகிறேன். ‘பலவீனமான மூளை’ என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அது உங்கள் மகளுக்கும் பொருந்தாது, அறிவியலுக்கும் பொருந்தாது. ஆபத்து வரும்போது மூளையின் கட்டளைப்படி அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும், நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், அந்த ஹார்மோனை உணரும் ஏற்பிகள் ‘போதும்’ என்று உணர்த்தி அதை அடக்குகின்றன. மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 1990-களில் எலிகளிடம் கண்டது என்னவென்றால், தாய் குறைவாக நக்கி வளர்த்த குட்டிகளுக்கு இந்த ஏற்பிகள் குறைவாக இருந்தன. அதனால் எச்சரிக்கை மணி எளிதில் அடித்தது, அடங்கவோ நேரமெடுத்தது.

இதற்கும் தலைக்காயத்திற்கும் என்ன தொடர்பு? அடிபட்டவுடன் நரம்பணுக்கள் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. நிலைகுலைந்த உப்புச் சமநிலையைச் சரிசெய்ய அவற்றுக்கு ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டம் குறைகிறது. மன அழுத்த ஹார்மோன் மிகுந்திருந்தால் ஹிப்போகாம்பஸ் அணுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதும் குறைகிறது என்றும், அதே அளவு பாதிப்பில் கூடுதலான அணுக்கள் மடிகின்றன என்றும் நரம்பியல் ஆய்வாளர் ராபர்ட் சபோல்ஸ்கி 1980-களில் தொடங்கிய எலி ஆய்வுகளில் காட்டினார். அதாவது, அந்த ஹார்மோன் நேரடியாகக் கொல்வதில்லை. அடியைத் தாங்கிக்கொள்ளும் கையிருப்பைக் கரைத்துவிடுகிறது. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவும் இளமையில் ஒருமுறை தூண்டப்பட்டிருந்தால், பின்னால் வரும் காயத்தின்போது தேவைக்கு மேல் அழற்சியை உண்டாக்கக்கூடும்.

இவை பெரும்பாலும் எலிகளிடம் கண்டவை. மனிதக் குழந்தைகளிடம் இத்தகைய சோதனையை யாரும் செய்ய முடியாது. எனவே உங்கள் மகளின் தலைவலிக்குக் காப்பக வாழ்க்கைதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல இயலாது. சொல்ல முடிந்ததோ ஆறுதலளிப்பது. மீனி குழுவினர் குறைவாக நக்கும் தாய்களின் குட்டிகளைப் பிறந்தவுடன் அன்பாக நக்கி வளர்க்கும் வேறு தாய்களிடம் விட்டபோது, அவை வளர்ப்புத் தாயின் குட்டிகளைப் போலவே வளர்ந்தன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பத்தை அடைந்தவர்களின் அழுத்த எதிர்வினை, பிறந்தது முதல் சொந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுடையதை நெருங்கியிருந்தது. உங்கள் மகள் ஒன்றேமுக்கால் வயதில் உங்களிடம் வந்திருக்கிறாள்.

இருட்டறை யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். எந்தக் குழந்தைக்கும் முதல் ஓரிரு நாட்களுக்கு மேல் முழு ஓய்வு பயன் தருவதில்லை. உங்கள் மகளுக்கு அது தீங்காகவும் முடியலாம்: தனிமை என்பது அவள் உடல் ஏற்கெனவே அறிந்த பழைய ஆபத்து. அம்மாவைத் தேடி அழுவதை முரண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்தும் மருத்துவமனையும் அந்த மணியை மறுபடி அடித்துவிட்டிருக்கலாம். அம்மா அருகிலேயே படுக்கட்டும். காலையும் மாலையும் தலைவலி கூடாத வேகத்தில் அவளோடு நடந்து வாருங்கள். பள்ளிக்கு முதலில் அரைநாள் அனுப்புங்கள். வகுப்பின் நடுவே சற்று ஓய்வெடுக்க ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் உறங்கச் செய்யுங்கள். இரவில் செல்போன் வேண்டாம். பாரசிட்டமாலை வாரக்கணக்கில் அன்றாடம் கொடுத்தால் அதுவே தலைவலியை வளர்க்கும் என்பதால், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, அவளுடைய காப்பகக் காலத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பலர் கூச்சத்தால் விட்டுவிடும் தகவல் அது; எரிச்சலில் காயத்தின் பங்கு எவ்வளவு, அச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய அவருக்கு அது உதவும். நான்கு வாரங்கள் நிறைந்தும் மாற்றமில்லை என்றால் குழந்தை நரம்பியல் மருத்துவரையும், குழந்தை மனநல மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, நாளுக்கு நாள் கடுமையாகும் தலைவலி, எழுப்ப முடியாத மயக்கம், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

சைக்கிளை விற்றுவிட வேண்டியதில்லை. முழுமையாகத் தேறுமுன் இன்னொரு அடி படுவதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே தலைவலி முற்றிலும் நின்று, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அது வீட்டிலேயே நிற்கட்டும். பிறகு ஹெல்மெட்டுடன் ஓட்டலாம்.