உடற்பயிற்சிக்கென்று தனி நேரம் வேண்டுமா?

கேள்வி: வயது 44. நாளுக்குப் பத்து மணி நேரம் கணினி முன் உட்கார்ந்தே வேலை. மூன்று முறை ஜிம்மில் சேர்ந்து, மூன்று முறையும் ஒரு மாதத்தில் நின்றுவிட்டேன். அன்றாட வேலையோடு வேலையாக உடற்பயிற்சி செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. 1953இல் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் சற்றுப் பருமனாக இருந்ததைச் சீருடை அளவுகளை வைத்து அவரே பின்னர் கண்டறிந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கண்டக்டர்கள் 'உடற்பயிற்சி' செய்யவில்லை. டிக்கெட் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் அது கைவிட்டது. ஆகவே இரண்டு நிமிடம் படியேறினாலும் அது கணக்கில் சேரும். தொலைபேசியில் பேசும்போது நடங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால், இயங்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

நடை மட்டும் போதாது. வாரம் இரு நாளாவது தசைகளுக்கு வலுவூட்ட வேண்டும். அதற்கான கருவியின் மேல்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலியின் முன் விளிம்புக்கு வாருங்கள். பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குங்கள். தொடை எரிவது அந்த இறக்கத்தில்தான். பலனில் பாதியும் அங்கேதான். அடியில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி மட்டும் வேண்டாம், பின்னால் உருண்டு ஓடிவிடும். தண்ணீர் குடிக்க எழும் ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை செய்யுங்கள். மேசையில் பெரிய பாட்டிலை வைத்துக்கொள்ளாதீர்கள். சிறிய தம்ளர் இருந்தால் அடிக்கடி எழ வேண்டிவரும்.

முழங்கால் வலித்தால் உயரமான இருக்கையில் தொடங்குங்கள். படியேறும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அதோடு நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.