தேங்காயும் குங்குமப்பூவும் மணத்த காலை

கேள்வி: பள்ளி நாட்களில் அப்பா நாகர்கோவிலிலிருந்து வாங்கி வரும் கெல்லாக்ஸ் மஸ்ஸா (Mazza) என்ற காலை உணவின் தேங்காய், குங்குமப்பூச் சுவை இன்னும் நாவில் நிற்கிறது. இப்போது எந்தக் கடையிலும் இல்லை. வீட்டிலேயே செய்ய வழியுண்டா?
– வாசகி, தக்கலை

பதில்: அன்புச் சகோதரி, 1994-இல் இந்தியாவுக்கு வந்த கெல்லாக்ஸ், நம்மவர் நாவுக்கு ஏற்ப 1998-இல் பாதாம் வடிவச் சோளத் துண்டுகளாக, மாம்பழம்-ஏலக்காய், தேங்காய்-குங்குமப்பூ, ரோஜா என மூன்று சுவைகளில் கொண்டுவந்த அந்த உணவு இன்று விற்பனையில் இல்லை.

அதே மொறுமொறுப்பை அடுப்படியில் பெறுவது கடினம். மணத்தை நிச்சயம் மீட்கலாம். மெல்லிய அவலை, விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை சிறுதீயில் வறுத்து, தனியே பொன்னிறமாக வறுத்த தேங்காய்த் துருவலையும் சிறிது சர்க்கரையையும் சேர்த்து ஆறவிடுங்கள். குங்குமப்பூ நான்கைந்து இழைகளை ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, ஆறிய பாலோடு கலந்து, உண்ணும்போது மட்டும் ஊற்றுங்கள். கொதிக்கும் பாலை ஊற்றும் நம் வீட்டு வழக்கத்தால்தான் கெல்லாக்ஸின் சோள அவல் (கார்ன்ஃபிளேக்ஸ்) அன்றும் நொடியில் குழைந்துபோனது.

மேலே ஒரு மட்டிப்பழத்தை நறுக்கிப் போடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பழத்தின் அந்த மணம் எந்தப் பொட்டலத்திலும் வந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.