மார்பகப் புற்றுநோய் எலும்பை நாடுவது ஏன்?

கேள்வி: மார்பகப் புற்றுநோய் பரவும்போது எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றையே பெரும்பாலும் தாக்குவது ஏன்?

பதில்: இரத்த ஓட்டத்தின் பாதை ஒரு காரணம், ஆனால் அது மட்டுமன்று. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், விதை எத்திசையில் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889இல் எழுதினார். விதை என்பது புற்றணு, மண் என்பது அது சென்று சேரும் உறுப்பு. இன்றளவும் நிலைத்திருக்கும் அருமையான விளக்கம் அது. எலும்பை அடைந்த புற்றணுக்கள் சுரக்கும் ஒருவகைப் புரதம் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்ட, அரிப்பில் வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் புற்றணுக்களையே மேலும் வளர்க்கின்றன. இந்தக் கொடிய சுழற்சியைத் தளர்த்தவே பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய் வகைகளில், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஹார்மோன் ஏற்பி உள்ள வகை எலும்பையும், ஹெர்2 என்னும் வளர்ச்சியைத் தூண்டும் புரதம் மிகுந்த வகையும், இரு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 மிகுதியும் இல்லாத மும்மை எதிர்மறை வகையும் மூளையையும் கூடுதலாக நாடுகின்றன. எங்கே பரவினாலும் அது மார்பகப் புற்றுநோயே. எலும்புப் புற்றுநோய் என எண்ணிக் கலங்க வேண்டாம்.