ஆமா போடும் பிள்ளையும் பாடகிதான்

பள்ளிக் கலைத் திருவிழா, ஆண்டு விழா பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே மாணவர்களுக்கு நாடகமும் வில்லுப்பாட்டும் பழக்கியவர்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கலைத் திருவிழாவுக்கான வில்லுப்பாட்டில் அவளைத்தான் புலவராக, அதாவது வில்லடித்துக் கதை சொல்லும் முதன்மைப் பாடகியாக, உட்கார வைக்கப்போவதாக ஆசிரியை சொல்கிறார். "பொம்பளைப் பிள்ளை வில்லடிப்பதா?" என்று என் மாமியார் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்படிச் சமாளிப்பது ஐயா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: பூங்கனி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள் அம்மா. அகஸ்தீசுவரம் பக்கத்துப் பெண். சிறு வயதிலேயே வில்லுப்பாட்டில் இறங்கி, முதன்மைப் பாடகியாக, வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுத்துக் கோயில் கொடை விழாக்களில் பாடியவர். எண்பது வயதைத் தாண்டி 2018-இல் மறைந்தார். உங்கள் மாமியாரே ஏதாவது ஒரு கொடையில் அவர் பாட்டைக் கேட்டிருக்கக்கூடும். கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். மாமியாரை எதிர்க்கட்சியில் விட்டுவைக்காதீர்கள். வில்லுப்பாட்டில் பாடும் நீலி கதையும் முத்துப்பட்டன் கதையும் இன்றைய ஆசிரியர்கள் பலரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மகளை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "பாட்டி, அந்த இடத்தில் நீலி என்ன சொன்னாள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். முகம் தானாகத் திரும்பும்.

கேள்வி: எங்கள் பள்ளி வில்லுப்பாட்டுக் குழுவில் ஏழு மாணவர்கள். புலவராக இருப்பவன் மட்டும் அருமையாகப் பாடுகிறான். மற்றவர்கள் பொம்மை மாதிரி இருக்கிறார்கள். மேடையில் சத்தம் எடுபடாது என்பதால் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிக்கவிட்டு, பிள்ளைகளை வாயசைக்கச் செய்யலாம் என்று சக ஆசிரியர்கள் யோசனை சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஓர் ஆசிரியர், குளச்சல்

பதில்: வேண்டாம். வாயசைப்பதற்குப் பிள்ளைகள் எதற்கு? ஒலிபெருக்கியை மேடையில் வைத்து அதற்கே மாலை போட்டுவிடலாமே.

கோபத்தை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன். வில்லுப்பாட்டில் புலவரை மட்டும் பழக்கினால் மற்றவர்கள் பொம்மையாகத்தான் இருப்பார்கள். என் வழக்கம் வேறு. முதல் வாரம் கதையைத் தொடவே மாட்டேன். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவற்றை எல்லோர் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பேன். வில்லை எல்லோருக்கும் பிடிக்கும். குடத்தை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். ஆனால் குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது எழும் அந்தக் கனத்த 'தும்' ஓசைதான் குழுவைக் கட்டி இழுக்கிறது. அதை அடிக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டு தளர்வாக இருக்க வேண்டும். தோளிலிருந்து ஓங்கி அடித்தால் சத்தம் செத்துவிடும், குடமும் விரிசல் விடும். குடத்துக்கு அடியில் நல்ல தடித்த பிரிமணை வையுங்கள். பள்ளி மேடைப் பலகையில் குடம் நேராக உட்கார்ந்தால் ஓசை பலகைக்குள் போய்விடும்.

அடுத்து, பக்கப்பாட்டு. "ராஜா காட்டுக்குப் போனார்" என்று புலவர் சொன்னால், "ஆமா" என்று ஒரு பிள்ளை இழுக்கிறது. பெரும்பாலான பள்ளிக் குழுக்களில் அந்த 'ஆமா' கடனுக்கு வருகிறது. காரணம், அடுத்து என்ன வரும் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே மனப்பாடம். ஒத்திகையில் ஒரு நாள் புலவரை ரகசியமாகக் கூப்பிட்டு, கதையின் நடுவே புதிதாக ஒரு சங்கதியைச் செருகச் சொல்லுங்கள். ராஜா காட்டில் யானையைப் பார்த்தார் என்பதற்குப் பதிலாக ரப்பர் தோட்டத்துக் கங்காணியைப் பார்த்தார் என்று சொல்லட்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை திடுக்கிட்டு, "கங்காணியா!" என்று கேட்கும் பாருங்கள், அந்தக் குரல்தான் வேண்டும். அந்தக் குரலைப் பிடித்துவைத்து மற்ற எல்லா 'ஆமா'வுக்கும் அதையே கேளுங்கள்.

அப்புறம், பதிவு செய்த பாட்டில் யாரும் யாரையும் காப்பாற்ற முடியாது. நேரில் பாடும்போது புலவருக்கு ஓர் அடி மறந்துபோனால், உடுக்கைக்காரப் பிள்ளை இன்னும் ஒரு சுற்று வாசித்து நேரம் வாங்கித் தரும். பக்கப்பாட்டுக்காரி, "அதெல்லாம் இருக்கட்டும் புலவரே, காட்டில் யாரைப் பார்த்தார் என்று சொல்லவில்லையே" என்று நூலை எடுத்துக் கொடுப்பாள். சபைக்குத் தெரியவே தெரியாது. இதைச் செய்யத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்கினார்களா என்று கேட்காதீர்கள்.

சத்தம் எடுபடாது என்பது உண்மையான கவலைதான். மைக்குகளில் ஒன்றைக் கட்டாயம் பக்கப்பாட்டுக்காரர்கள் பக்கம் தள்ளி வையுங்கள். புலவரின் குரல் எப்படியும் கேட்கும்.

கேள்வி: கேரளத்தில் பள்ளிக் கலோத்சவம் எவ்வளவு பிரமாதமாக நடக்கிறது! களியக்காவிளையைத் தாண்டினால் வேறு உலகம். நம் பிள்ளைகளுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?
– ஒரு தாத்தா, மார்த்தாண்டம்

பதில்: அவர்கள் 1957-இல் தொடங்கியது. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பரில்தான் அந்தப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. மயிரிழையில் தவறவிட்டோம் என்று நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. அதிகப் புள்ளிகள் எடுக்கும் மாவட்டத்துக்கு 117½ பவனில் தங்கக் கோப்பை, வெற்றி பெறும் மாணவர்களுக்குக் கருணை மதிப்பெண் என்று அங்கே எல்லாமே பெரிது. நம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்று மாநில அளவில் முறையாகத் தொடங்கியது 2022-23 கல்வியாண்டில். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிறது. வயதில் சின்னது, வளரட்டும்.

ஆனால் ஐயா, அங்கே நடப்பது முழுவதும் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் மேல்முறையீடு, அதற்கும் மேலே நீதிமன்றம் என்று பெற்றோர்கள் அலைவதை நீங்களும் மலையாளப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஒரு நடனத்துக்கு உடையும் ஒப்பனையும் பக்கவாத்தியமும் சேர்ந்து எளிய குடும்பம் எட்டிப் பார்க்க முடியாத செலவு. அதிகப் புள்ளி எடுக்கும் மாணவிக்கும் மாணவனுக்கும் கொடுத்த கலாதிலகம், கலாபிரதிபா என்ற பட்டங்களால் போட்டி முற்றிப்போய், கடைசியில் அவற்றை அவர்களே நிறுத்திவிட்டார்கள். நாமோ கலையரசன், கலையரசி என்று புதிதாகப் பட்டம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்று வாசலில் போட்டதை நாம் எடுத்து உள்ளே வைத்திருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. கதகளி, ஓட்டன்துள்ளல் போன்ற பழைய கலைகளையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் போட்டிக்காகவாவது கற்றுக்கொள்கிறார்கள். நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவிலும் கதகளி நடக்கிறது. அதைப் போய்ப் பார்த்த பிள்ளைகள் உங்கள் தெருவில் எத்தனை பேர்? பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கம் வந்தால் மடியில் தூங்கட்டும்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு. எனக்கு நாடகம் என்றால் உயிர். ஆனால் குரல் சின்னது என்று சொல்லி ஒவ்வோர் ஆண்டும் திரை இழுக்கத்தான் விடுகிறார்கள்.
– ஒரு மாணவி, இரணியல்

பதில்: மக்களே, ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த ஒரு பையன் நாடகக் கொட்டகையில் சோடா விற்றுக்கொண்டு திரிந்தான். வில்லுப்பாட்டும் பாடினான். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் என்று ஊரே கொண்டாடியது. சோடா விற்றாலும் திரை இழுத்தாலும் நாடகத்தைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைக்கிறது, அதை விட்டுவிடாதே. யார் எந்த இடத்தில் சொதப்புகிறார்கள் என்று மேடையில் நிற்பவர்களைவிடத் திரைக்காரிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குரலுக்கு ஒரு வழி சொல்கிறேன். சின்னக் குரல் பெரிய குறையே இல்லை; சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவதுதான் குறை. 'போகிறேன்' என்பதில் அந்த 'ன்' கேட்க வேண்டும். தோழியை விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் நிறுத்திவிட்டு, கத்தாமல், பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை வாசி. எந்தச் சொல் கேட்கவில்லையோ அதற்கு அவள் கையைத் தூக்கட்டும். ஐப்பசி மழையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று வாசித்துப் பார்ப்பது அடுத்த வகுப்பு. இதைச் செய்துவிட்டு ஆசிரியரிடம் போய், "ஒரே ஒரு வசனம் உள்ள வேடம் கொடுங்கள் சார்" என்று வாய்விட்டுக் கேள். கேட்காத பிள்ளைக்கு விருப்பம் இல்லை என்றே பல ஆசிரியர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஒத்திகை, போட்டி என்று பையன் அலைந்தால் மதிப்பெண் என்ன ஆகும்?
– ஒரு தந்தை, குலசேகரம்

பதில்: பொதுத்தேர்வு கல்வியாண்டின் கடைசியில் வருகிறது. பள்ளி அளவுப் போட்டிகள் அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். மேல் நிலைக்குத் தேர்வானால்தான் நாள் நீளும். அப்போது உட்கார்ந்து யோசிக்கலாம். ஆசிரியரிடம் நீங்கள் கறாராகக் கேட்க வேண்டியது வேறு: ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், பையனுக்கு ஊருக்குப் பஸ் இருக்குமா? இருட்டில் பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகளை நிற்கவிட்டு வளர்க்கும் கலையில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கேள்வி: ஆண்டு விழா நடனத்துக்கு உடை வாடகை, முகப்பூச்சு, தலை அலங்காரம் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் பெரிய தொகை கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல மகளுக்கு வெட்கமாக இருக்கிறது. செலவில்லாமல் என்ன ஆடலாம்?
– ஒரு தாய், குழித்துறை

பதில்: களியல் ஆடலாம். நம் மாவட்டத்துக் கலை. நடுவில் ஒரு குத்துவிளக்கு, பிள்ளைகள் கையில் ஆளுக்கு இரண்டு கம்பு, பாடுவதற்கு ஓர் ஆசான். வீட்டில் இருக்கும் வேட்டியோ பாவாடையோ போதும். பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் கூடக் கூட, கம்பு தவறாமல் அடித்துச் சுற்றி வருவதற்குள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கிவிடும். முகப்பூச்சு இருந்தாலும் வியர்வையில் நிற்காது. பழைய ஆசான்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். சொல்லி அனுப்பினாலே வந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் ஒரு வேட்டியும் கொடுக்கப் பள்ளியைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் மற்ற நாலு தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.