ஒஸ்லோ சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஒஸ்லோவில் வசிக்கிறேன், வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு நகரம் சுற்றுவது என் தொழில். நகரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, வேலை, மேற்படிப்பு மூன்றும் எனக்குத் தெரிந்த துறைகள் அல்ல.

கேள்வி (சேலம் வாசகர்): டிசம்பர் கடைசியில் மூன்று நாள் ஒஸ்லோவில் இருப்போம். துருவ ஒளி பார்க்க நகரத்துக்குள் எந்த இடம் நல்லது? என் மனைவி அதற்காகவே வருகிறார்.

பதில்: எந்த இடமும் இல்லை. ஒஸ்லோ ஏறத்தாழ 60 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. துருவ ஒளி வழக்கமாகத் தெரியும் வட நார்வே நகரமான ட்ரொம்சோ 70 பாகையை ஒட்டி இருக்கிறது. சூரியப் புயல் பலமாக அடிக்கும் இரவுகளில் இங்கும் தெரியும்தான். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அதற்காக யாரும் துருவ ஒளி பார்க்க லடாக்குக்கு டிக்கெட் எடுப்பதில்லை. மனைவியின் ஆசைதான் முக்கியம் என்றால் ஒஸ்லோவிலிருந்து ட்ரொம்சோவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேகம் மறைத்தால் அங்கேயும் ஒன்றும் தெரியாது, ஆகவே மூன்று இரவாவது தங்குங்கள்.

ஒஸ்லோவுக்கு எப்படியும் வருவீர்கள் என்றால் ஒன்று: அந்த வாரத்தில் சூரியன் காலை ஒன்பது மணிக்கு மேல் எழுந்து, பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு மறைந்துவிடும். அந்த ஆறு மணி நேரத்தை அருங்காட்சியகத்துக்குள் கழிக்காதீர்கள். வெளிச்சத்தில் வெளியே சுற்றுங்கள், இருட்டிய பிறகு உள்ளே போங்கள். 24ஆம் தேதி மதியத்திலிருந்து இரண்டு நாள் ஊரே கதவைச் சாத்திவிடும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு டாக்சி எவ்வளவு ஆகும்?

பதில்: டாக்சியை மறந்துவிடுங்கள். கார்டர்மூன் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிற்கிறது. ஃப்ளைடூகெட் என்ற விரைவு ரயில் 19 நிமிடத்தில் ஒஸ்லோ மத்திய நிலையத்தை அடைகிறது. வீ நிறுவனத்தின் சாதாரண ரயில் இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஏறத்தாழ பாதி விலையில் அதே மத்திய நிலையத்தில் இறக்கிவிடுகிறது. வந்து இறங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது விரைவு ரயிலின் டிக்கெட் இயந்திரங்கள்தான். சற்று நடந்தால் சாதாரண ரயிலுக்கானதும் இருக்கிறது.

முன்பதிவு செய்யும்போதே இன்னொன்றையும் பாருங்கள். "ஒஸ்லோ டோர்ப்" என்று மலிவு விமான டிக்கெட் கண்ணில் பட்டால் மகிழ வேண்டாம். டோர்ப் இருப்பது சாண்டெஃபியோர்டில், ஒஸ்லோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. மிச்சம் பிடித்த பணம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போய்விடும்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஷெங்கன் விசாவுக்கு வங்கி இருப்பு எவ்வளவு காட்ட வேண்டும்?

பதில்: நார்வே குடிவரவுத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): அண்ணா, பிள்ளைகள் வைக்கிங் கப்பல்களைப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார்கள். பூட்டிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், தங்கச்சி. பிக்டோய் தீபகற்பத்திலிருந்த பழைய வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் 2022இல் மூடப்பட்டது. அதே இடத்தில் பெரிதாகக் கட்டுகிறார்கள். 2027இல் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் திறந்துவிட்டதா என்று அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை நகர நடுவிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். 1943இல் யெர்முண்ட்பூ பண்ணையில் கிடைத்த வைக்கிங் தலைக்கவசம் அங்கே இருக்கிறது. அதில் கொம்பு இல்லை என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏமாந்து போவார்கள்.

கப்பல்தான் வேண்டுமென்றால் 30ஆம் எண் பஸ்ஸில் பிக்டோய்னெஸ் வரை போங்கள். அங்கே எதிரும் புதிருமாக இரண்டு அருங்காட்சியகங்கள்: ஃப்ராம் என்ற துருவப் பயணக் கப்பலுக்கு ஒன்று, கோன்-டிக்கி என்ற தெப்பத்துக்கு ஒன்று. ஃப்ராமில் கப்பலுக்குள்ளேயே இறங்கலாம். பனிக்கட்டி நெருக்கினால் நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்பும்படி அடிப்பகுதியை உருண்டையாக வடித்திருக்கிறார் கப்பல் வடிவமைப்பாளர் கொலின் ஆர்ச்சர். அந்த வடிவத்தை நம்பித்தான் துருவ ஆய்வாளர் நான்சன் 1893இல் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, அது இழுத்த போக்கில் மூன்று ஆண்டு போக வைத்தார். பிறகு தென்துருவப் பயணத்துக்கு அமுண்ட்சென் புறப்பட்டதும் இதே கப்பலில். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பெங்களூர் வாசகர்): கோன்-டிக்கியைப் போய்ப் பரிந்துரைக்கிறீர்களே? பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள் தென் அமெரிக்காவிலிருந்து மிதந்து வந்தார்கள் என்ற, அந்தத் தெப்பத்தில் போன ஹேயர்டாலின் கோட்பாடு எப்போதோ செத்துவிட்டது. தோற்ற கோட்பாட்டுக்கு ஓர் அருங்காட்சியகம், அதற்கு நுழைவுக் கட்டணம் வேறு.

பதில்: கோட்பாடு தோற்றது, சரி. மொழி, மட்பாண்டம், மரபணு மூன்றுமே பாலினேசியர்களின் வேரை ஆசியப் பக்கம்தான் காட்டுகின்றன. காற்றுக்கு எதிராகக் கிழக்கே கடலோடிய அந்த மக்களின் திறமையை ஹேயர்டால் குறைத்து மதிப்பிட்டார். தாடி வைத்த வெள்ளை மனிதர்கள் நாகரிகம் கொண்டுவந்தார்கள் என்று எழுதியதை இன்று யாரும் ஏற்பதில்லை; ஏற்கவும் கூடாது.

ஆனால் அங்கே வைத்திருப்பது கோட்பாட்டை அல்ல, தெப்பத்தை. 1947 ஏப்ரலில் ஹேயர்டால் உட்பட ஆறு பேர் அதில் பெருவின் கய்யாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 101 நாள் கழித்துப் பாலினேசியாவின் ரரோயா பவளத் திட்டில் மோதி நின்றார்கள். தெப்பத்தைக் கட்டிய பால்சா என்ற லேசான மரக்கட்டை நீரில் ஊறி மூழ்கிவிடும், கயிறு தேய்ந்து அறுந்துவிடும் என்பது அறிந்தவர்களின் கணிப்பு. நடந்தது வேறு. பச்சையாக வெட்டிய மரத்தின் சாறு தண்ணீரைத் தடுத்தது. மரம் மென்மையானதால் கயிறு உராயாமல் அதற்குள் பதிந்துகொண்டது. இந்த ஒரு முடிச்சைப் பார்க்கவே நான் ஆட்களை அழைத்துப் போவேன்.

கேள்வி (அதே பெங்களூர் வாசகர்): தெப்பம் மிதந்தது என்பதால் வரலாறு அப்படி நடந்தது என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. ஆனால் "முடியவே முடியாது" என்று சொன்னவர்களுக்கு அது பதில். இன்னொன்றும் கேளுங்கள்: 2020இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, கி.பி. 1200ஐ ஒட்டிப் பாலினேசியர்களுக்கும் தென் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் கலப்பு ஏற்பட்டிருக்கிறது என்றது. யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதை அந்த மரபணு சொல்லாது. தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் யார் என்பதில் ஹேயர்டால் தவறு. பசிபிக்கின் இரு கரைகளும் சந்திக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்களும் தவறு.

கேள்வி (மதுரை வாசகர்): குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். ஹேயர்டால் நாணல் கப்பலில் சிந்துவெளிக்கும் போனாராமே? அப்படியென்றால் நம் முன்னோர் சுமேரியாவுக்குக் கடலோடிப் போனதை அவர் நிரூபித்திருக்கிறார்தானே?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். கப்பலின் பெயர் டைக்ரிஸ். 1977இல் இராக்கில் நாணலால் கட்டி, பாரசீக வளைகுடா வழியாகச் சிந்து முகத்துவாரப் பக்கம் வந்து, பிறகு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டிக்குப் போனார்கள். சுற்றிலும் போர், அதைக் கண்டித்து 1978 ஏப்ரலில் அவர்களே கப்பலுக்குத் தீ வைத்தார்கள். அதனால் அது ஒஸ்லோவில் இல்லை, தேடாதீர்கள். சிந்துவெளி முத்திரைகள் சுமேரியா இருந்த மெசொப்பொத்தேமிய மண்ணிலேயே கிடைத்திருக்கின்றன. வணிகம் நடந்ததற்கு ஹேயர்டாலின் சாட்சி தேவையே இல்லை. சிந்துவெளி மக்கள் பேசியது எந்த மொழி என்ற வழக்கை நாணல் கப்பல் தீர்க்காது. அதை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்வோம், இங்கே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

கேள்வி (பெங்களூர் வாசகரே): சரி, தெப்பத்தைப் பார்க்கிறேன். ஆனால் ஃப்ராமை முதலில்.

பதில்: அப்படியே செய்யுங்கள். கோன்-டிக்கியில் கீழ்த்தளத்துக்கும் இறங்குங்கள். தெப்பத்தின் அடியில் திமிங்கிலச் சுறாவின் உருவம் இருக்கிறது.

கேள்வி (ஈரோடு வாசகி): நார்வே ஓவியர் மங்க்கின் "அலறல்" ஓவியத்தின் அசல் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? இரண்டு இடமும் தங்களிடம் என்கின்றன.

பதில்: இரண்டும் உண்மையே சொல்கின்றன. மங்க் அதைப் பலமுறை படைத்தார். எல்லோரும் அறிந்த 1893ஆம் ஆண்டு ஓவியம், 2022இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மேல் மூலையில் "பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும்" என்று பென்சிலில் ஒரு வரி இருக்கிறது. அது மங்க்கின் கையெழுத்தேதான் என்று அருங்காட்சியகம் 2021இல் உறுதி செய்தது. பியோர்விகாவிலுள்ள மங்க் அருங்காட்சியகத்தில் வேறு வடிவங்கள் இருக்கின்றன. ஒளி பட்டால் கெடும் என்பதால் முறை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தேசிய அருங்காட்சியகம். திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): மார்ச் மாதத்தில் ஒஸ்லோவில் துருவ ஒளி தெரியுமா?

பதில்: சேலம் வாசகருக்குச் சொன்ன பதில் மார்ச்சுக்கும் பொருந்தும்.

கேள்வி (கொழும்பு வாசகர்): ஃபியோர்டு பார்க்கப் படகுச் சுற்றுலா எடுக்கலாமா? கட்டணம் பயமுறுத்துகிறது.

பதில்: ஃபியோர்டு என்பது நிலத்துக்குள் நீளும் கடல். படத்தில் பார்க்கும் செங்குத்துப் பாறைகளும் அருவிகளும் மேற்குக் கரையில். ஒஸ்லோ ஃபியோர்டு தாழ்வான கரை, சின்னத் தீவுகள், வண்ணம் பூசிய கோடைக் குடில்கள் என்று அமைதியாக இருக்கும். அதைப் பார்க்கத் தனிப் படகு எதற்கு? நகர மண்டபத்துக்கு எதிரேயுள்ள துறையிலிருந்து தீவுகளுக்குப் பொதுப் படகு போகிறது. பஸ்ஸுக்கும் டிராமுக்கும் எடுத்த 24 மணி நேர டிக்கெட்டே அதற்கும் செல்லும். முதலில் ஹோவடோயாவில் இறங்குங்கள். 1147இல் இங்கிலாந்திலிருந்து வந்த சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடு மரங்களுக்கிடையே கிடக்கிறது, காவலுமில்லை கட்டணமுமில்லை. பிறகு அடுத்த படகில் ஏறி லாங்கோயேன் போனால் நல்ல மணற்கடற்கரை. தீவுகளில் கடை கிடைப்பது அரிது. சாப்பாடு கையில் இருக்கட்டும். கடைசிப் படகின் நேரத்தை நகரப் போக்குவரத்தின் ரூட்டர் செயலியில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவு இல்லாததால் இலவசம் என்று நினைத்து மாட்டிக்கொள்ளும் நம்மவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பரிசோதகரைக் கண்ட பிறகு கைபேசியில் வாங்கும் டிக்கெட் செல்லாது. அபராதம் ஆயிரம் குரோனருக்கு மேல்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): நாங்கள் சைவம். ஐந்து நாள் எப்படிச் சமாளிப்பது?

பதில்: கிரோன்லாண்ட் பகுதிக்குப் போங்கள். பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் எல்லாம் அங்குள்ள ஆசியக் கடைகளில் கிடைக்கும். அடுப்புள்ள அறையாக எடுத்தால் செலவு பாதியாகும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் திறக்கா; நூறு சதுர மீட்டருக்குட்பட்ட சிறு கடைகள்தான். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். இலங்கைத் தமிழர்கள் நடத்தும் சிவசுப்பிரமணியர் ஆலயம் அம்மரூடில் இருக்கிறது, மெட்ரோவிலேயே போகலாம்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஜூனில் வருகிறேன். நள்ளிரவுச் சூரியனும் துருவ ஒளியும் ஒரே பயணத்தில்...

பதில்: ஒன்றுக்கு இருட்டு வேண்டும், மற்றொன்றில் இருட்டே கிடையாது. ஒஸ்லோவில் ஜூனில் சூரியன் இரவு பத்தே முக்காலை ஒட்டி மறைந்து, அதிகாலை நான்குக்கு முன் எழுந்துவிடும். கண்ணை மறைக்கும் துணி ஒன்று எடுத்து வாருங்கள்.

கேள்வி (மலேசிய வாசகர்): அம்மாவுக்கு 70 வயது, நடக்கச் சிரமம். பிப்ரவரியில் அழைத்து வரலாமா?

பதில்: அழைத்து வாருங்கள். ஆனால் காலணிக்கு மேல் மாட்டும் கூர்முனைப் பட்டை ஒரு சோடியை இறங்கிய அன்றே வாங்கிக் கொடுங்கள். பனி பொழியும்போது ஆபத்து குறைவு. உருகி மறுபடி உறைந்த நடைபாதைதான் எலும்பை முறிக்கும். ஓபரா மாளிகையின் சாய்ந்த சலவைக்கல் கூரையில் அவரை ஏற்றாதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம், கட்டணமில்லை. பிறகு 12ஆம் எண் டிராமில் விகெலாண்ட் சிற்பப் பூங்காவுக்குப் போங்கள். வாசலருகிலேயே நிறுத்தம், பாதையும் சமதளம். நடுவிலுள்ள கல்தூணுக்கு மட்டும் படியேற வேண்டும். 121 மனித உருவங்களை ஒரே கல்லில் செதுக்கிய அந்தத் தூண் கீழேயிருந்தே நன்றாகத் தெரியும். 67 வயதுக்கு மேல் டிக்கெட்டில் சலுகை உண்டு. செயலியில் மூத்தவர் என்று தேர்ந்தெடுங்கள், டிராமில் ஏறுவதற்கு முன்பே.